வாப்பா நிமிர்த்திய வில்லுகள்

நம் வகுப்பு ஒன்றுகூடல் மலருக்கு யார் எழுதுவது என்று குழுவில் கேட்டபோது உங்களில் ஒருவர் போட்ட பதில் இன்னும் என் போனில் கிடக்கிறது. "சாட்சி எழுதட்டும். கெம்பஸுக்குப் போனது அவன்தானே." அதன் கீழே சிரிக்கும் முகங்கள் வரிசையாக வந்தன. நானும் ஒரு சிரிக்கும் முகத்தைப் போட்டேன்.

நமக்கெல்லாம் முப்பது வயது நெருங்குகிறது. சிலருக்கு முன்னந்தலை வெளித்துவிட்டது. சிலர் இரண்டு பிள்ளைகளுக்கு வாப்பா. கட்டாரில் இருந்து கரகரத்த குரலில் சலாம் அனுப்புகிறவர்கள் பாதிப் பேர். இந்தப் பட்டப்பெயருக்கு மட்டும் வயதாகவில்லை. நமக்குக் கீழே படித்தவர்கள் அதை என் சொந்தப் பெயர் என்றே நினைக்கிறார்கள். முதலில் அது 'கள்ளச்சாட்சி'யாக இருந்ததும், கூப்பிட நீளமென்று நீங்கள்தான் முன்பாதியை வெட்டியதும் அவர்களுக்குத் தெரியாது.

அது எப்படி வந்தது என்று உங்களுக்குத் தெரியும். நீங்களெல்லாம் அங்கே நின்றீர்கள், பச்சைத் துணியை இடுப்பில் கட்டிக்கொண்டு. ஆனால் நீங்கள் பார்த்தது ஒரு முற்பகலை மட்டும். அதற்கு முன்னால் ஒரு கச்சான் காற்றுக் காலம் முழுக்க எங்கள் வீட்டில் நடந்தது.

என் வாப்பா ஓடாவி. களப்புக் கரையில் மரத்தோணி கட்டுவதும் பழுது பார்ப்பதும் அவருடைய தொழில். பள்ளிக்கூடம் போனவரில்லை, தன் பெயரை மட்டும் சித்திரம் போல வரைவார். நாம் ஏழாம் ஆண்டுக்கு வந்த நேரம் கரையில் கிடந்ததெல்லாம் ஃபைபர் போட்டுகள். வாப்பாவின் வேலைக் கொட்டகையான வாடியில் உளிச்சத்தம் கேட்பதே குறைந்து போனது. கட்டாருக்குப் போவதென்று முடிவாகி, பாஸ்போட் எடுத்து, மெடிக்கலும் பார்த்தாகிவிட்டது. உம்மா சமைக்கும்போது அழுவார். கேட்டால் வெங்காயம் என்பார். பருப்புக் கழுவும்போது அழுதாலும் வெங்காயம்தான்.

ஆலங்குடாக் கடற்கரையில் அந்த ஹோட்டல் எழும்பிக்கொண்டிருந்தது அப்போதுதான். கச்சான் காற்றில் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்க வெள்ளைக்காரர்கள் வரத் தொடங்கிய காலம். ஹோட்டல்காரர் கொழும்பு ஆள், சிங்களவர்; தமிழும் நன்றாகக் கதைப்பார். நிரந்தரமாக ஒரு ஓடாவி வேண்டும் என்று விசாரித்து, ஒரு பின்னேரம் எங்கள் வாடிக்கு ஜீப்பில் வந்து இறங்கினார். ஜீப்பின் பின்னால் இருந்து நீளமான கன்வஸ் பை ஒன்றை எடுக்கச் சொன்னார். நான்தான் எடுத்தேன். பூச்சி உருண்டையும் பழைய தோலும் பூஞ்சணமும் கலந்து மணத்தது. அவிழ்த்தால், உள்ளே ஐந்து வில்லுகள்.

மலைநாட்டில் வெள்ளைக்காரத் தோட்டத் துரைமாரின் கிளப் ஒன்றை உடைக்கும்போது வாங்கினாராம். காற்று விழுந்த நாட்களில் விருந்தாளிகளுக்குப் பொழுது போக வேண்டும், கடற்கரையில் வில்லுப் பழக விடலாம் என்று அவருடைய யோசனை. விளையாட்டுச் சாமான் கம்பு மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். இவை வேறு. மெல்லிய மரச் சீவல்களை ஒன்றின்மேல் ஒன்று ஒட்டி, நடுவில் கைப்பிடிக்குத் தோல் சுற்றி, நுனிகளை மெல்ல வளைத்து விட்டிருந்தார்கள். வார்னிஷ் காய்ந்த சேறு போல வெடித்திருந்தது. நாண் ஒன்றிலும் இல்லை.

ஹோட்டல்காரர் ஒரு வில்லைக் கண்ணுக்கு நேரே பிடித்து, மற்றக் கண்ணை மூடிப் பார்த்தார். ஓடாவியைச் சிங்களவர் 'பாஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"இஞ்ச பாருங்கோ பாஸ். கைப்பிடிய நேரா வெச்சாப் புடிக்கிற ஆளுக்கு எதிர்ப்பக்கம் வளஞ்சி இரிக்கி. ஸ்டோர்ல கெடந்து கோணிப் போச்சி. நிமித்தி, மத்தப் பக்கம் வில்லு மாதிரி எடுத்து, நல்லா பொலிஷ் அடிச்சித் தாருங்கோ."

வாப்பா வாங்கிப் பார்த்தார். விரலால் தட்டினார், மணந்தார். "மலப் பனி குடிச்சிரிக்கி சேர். எடுக்கலாம்."

"எடுத்துத் தந்தா கபானாக் குடிலுகளுக்குக் கதவு, ஜன்னல், கட்டில் எல்லாம் ஒங்களுக்குத்தான். வேற பாஸ் நான் தேட மாட்டன்."

ஜீப் போனதும் வாப்பா என் தலையைப் பிடித்து ஆட்டினார். "கேட்டியா மகன்? கட்டார் இந்தப் பைக்குள்ள கெடக்கு."

ஒரு விஷயத்தை இப்போதே சொல்லிவிட வேண்டும். அந்த வில்லுகள் கோணவே இல்லை. அந்த ஜாதி வில் நாண் கழற்றிய நிலையில் எதிர்ப்பக்கமாகத்தான் வளைந்து கிடக்கும். அதை மடக்கி, மறுபக்கம் திருப்பி நாண் ஏற்றுவதில்தான் அதன் பலம் இருக்கிறது. இதைக் கெம்பஸ் விளையாட்டு அறையில் முதல்முறை ஒரு வில்லைப் பார்த்தபோது அறிந்துகொண்டேன். அன்றைக்கு எங்கள் கரையில் ஒருவருக்கும் தெரியாது. பக்கத்து வாடியில் எல்லாருக்கும் அண்ணன் முறையான காக்கா ஒருவர் வந்து பார்த்துவிட்டுக் கால் பெருவிரலால் மணலில் ஒரு வில்லைக் கீறினார். "இப்பிடித்தானே ஓடாவியார்? ரோட்டுக்கரை ராசா சிலையில நான் பாக்காத வில்லா?" என்றார். புத்தகத்தில், சிலையில், நாடகத் தட்டியில், எங்கே பார்த்தாலும் நாண் ஏற்றிய வில்தான் இருக்கிறது. நாண் கழற்றிய வில்லை ஒருவரும் படம் கீறி வைப்பதில்லை.

மரம் கோணினால் எப்படி எடுப்பது என்று வாப்பாவுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. தோணிப் பலகையை வளைக்கிற அதே வழிதான். தார் பீப்பாயில் தண்ணீர் கொதித்தது. வில்லுகளை ஈரச் சாக்கில் சுற்றி ஆவியில் பிடித்தார். மரம் இளகியதும் இரண்டு தென்னங்குற்றிகளுக்கு நடுவில் மறுபக்கமாக வளைத்து வைத்து, மேலே உப்பு மூட்டைகளை ஏற்றினார். பழைய பசை இளகி, குளம்பு எரிகிற மாதிரி ஒரு நாற்றம் வந்தது. ஒட்டுச் சீவல்களின் இடையில் தலைமுடி அளவுக்கு ஒரு கீறல் விட்டது. வாப்பா சவர அலகால் அதற்குள் பசையைத் தள்ளி, கயிற்றால் இறுக்கிக் கட்டி, பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பது போல இடைக்கிடை புறங்கையால் தொட்டுப் பார்த்தார்.

நுனிகளில், வெளிப்பக்கமாக, நாண் கிடப்பதற்காக நீளமான பள்ளம் வெட்டியிருந்தது. வாப்பா அதைக் கண்டு நாக்கைச் சப்புக்கொட்டினார். "எலி அரிச்சிரிக்கி." மரத்தூளையும் பசையையும் குழைத்து அந்தப் பள்ளங்களையெல்லாம் அடைத்தார். அடைத்த இடம் தெரியாமல் தேய்த்தார். அவ்வளவு சுத்தமான வேலை.

பிறகு தேய்ப்பு. உடைந்த கண்ணாடித் துண்டால் வார்னிஷைச் சுரண்டினோம். சுருள் சுருளாக விழுந்த அந்தத் தூள் இனிப்பாக மணத்தது. அடியில் இருந்து தேன் நிறத்தில் ஒரு மரம், அதன் நடுவே பேரீச்சம்பழ நிறத்தில் ஒரு கோடு. சேண்ட் பேப்பர் போட்ட பிறகு, காய்ந்த திருக்கைத் தோலால் கடைசித் தேய்ப்பு. என் விரல் நுனிகள் வழுவழுத்துப் போயின. வகுப்பில் உங்களுக்குக் காட்டினேன், ஞாபகம் இருக்கிறதா? வில்லுச் செய்கிறோம் என்று பெருமை அடித்தேன். "ஒரு மானாவது அடிச்சித் தருவியா?" என்று கேட்டீர்கள். இந்தக் கடற்கரையில் மானுக்கு எங்கே போவது.

உம்மாவின் பழைய முக்காட்டுத் துணியில் பஞ்சை உருட்டி, அரக்குப் பொலிஷைத் தொட்டுத் தொட்டு வாப்பா தேய்த்தார். ஒவ்வொரு பூச்சுக்கும் மரத்தின் ஆழம் கூடிக்கொண்டே போனது. முடிந்ததும் உம்மாவைக் கூப்பிட்டார். "வந்து மொகத்தப் பாரு."

உம்மா வில்லில் முகம் பார்த்து முக்காட்டைச் சரிசெய்தார். "இந்தக் கம்பாலயா ஒங்கட கட்டார் நிக்கப்போகுது?"

"நிக்கும். நீ பாஸ்போட்ட உள்ளுக்கு வை."

உம்மா அதை அலுமாரியில், சீலைகளுக்கு அடியில் வைத்தார். அன்று வெங்காயம் உரித்தும் அழவில்லை.

ஹோட்டல் திறப்புக்கு நம் வகுப்பைக் களிகம்பு அடித்து ஆடக் கூப்பிட்டிருந்தார்கள். வேன் பிடித்துப் போனோம். கம்பும் கம்பும் மோதுகிற சத்தத்துக்கு வெள்ளைக்காரர்கள் கைதட்டினார்கள். பெட்டிஸும் நெக்டோச் சோடாவும் தந்தார்கள். வாப்பா பெருநாள் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு ஒரு தென்னைக்கு அருகில் நின்றார். வில்லுகள் மேசையில் வெள்ளை விரிப்பின் மேல் பளபளத்தன. மீன் பிடிக்கும் தங்கூசி நூலை முறுக்கி வாப்பாவே நாண் கட்டியிருந்தார். அவருடைய கண் மேசையை விட்டு அசையவில்லை.

விருந்தாளிகளில் ஒரு வயதான வெள்ளைக்காரர் வந்து ஒரு வில்லை எடுத்தார். முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது. திருப்பிப் பார்த்தார். நுனியைப் பெருவிரலால் தடவி, பள்ளம் இருக்க வேண்டிய இடத்தைத் தேடினார். பிறகு ஒரு சிறு இழுப்பு இழுத்தார். பனை மட்டை முறிகிற சத்தம். சீவல்கள் இரண்டாகப் பிரிந்து நின்றன. பெட்டிஸ் தின்றுகொண்டிருந்த உங்களில் சிலர் சிரித்தீர்கள். யாரும் அப்படித்தான் சிரித்திருப்பார்கள்.

அந்த மனிதர் கோபப்படவில்லை. இறந்த பறவையைப் பிடித்திருப்பது போல அதைப் பிடித்துக்கொண்டு, இவை எல்லாவற்றையும் யாரோ உட்புறம் வெளிப்புறமாகத் திருப்பிவிட்டார்கள், இனி ஒன்றும் செய்ய முடியாது என்று இங்கிலீஷில் சொன்னார். ஹோட்டல்காரருடைய காது சிவந்தது. அவர் தென்னைப் பக்கம் கையை நீட்டினார். பொலிஷ் அடிக்க மட்டும்தான் கொடுத்தேன், இந்த ஊர் ஓடாவி தன் இஷ்டத்துக்கு வளைத்துவிட்டான் என்றார்.

வாப்பாவுக்கு அது விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. அந்தத் தவணை இங்கிலீஷில் முதலாவதாக வந்தவன் நான். நான் களிகம்பைக் கீழே போட்டேன். "நோ சேர்" என்று தொடங்கி, நிமிர்த்தச் சொன்னது நீங்கள்தான், மறுபக்கம் வளைக்கச் சொன்னதும் நீங்கள்தான், நான் பக்கத்தில் நின்றேன் என்று எல்லாருக்கும் கேட்க இங்கிலீஷில் சொன்னேன். பிழையில்லாமல் சொன்னேன் என்பதில் அந்த நிமிடத்திலும் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது.

வெள்ளைக்காரர்கள் ஹோட்டல்காரரைப் பார்த்தார்கள். அவர் வாப்பாவைப் பார்த்தார். இந்த முறை தமிழில், மெதுவாகக் கேட்டார்.

"பாஸ், ஒங்கட மகன் சொல்றான், வளைக்கச் சொன்னது நானாம். நான் அப்பிடிச் சொன்னதா?"

காற்று வாப்பாவின் சேர்ட்டை முதுகோடு ஒட்டிப் பிடித்திருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. மேசை விரிப்பைப் பார்த்தார்.

"இல்ல சேர். சேர் பொலிஷ் மட்டும்தான் சொன்ன. பிழ என்ட. புள்ள பொய் சொல்றான்."

நம் வகுப்பாசிரியர் என் தோளைப் பிடித்து வேனுக்கு அழைத்துப் போனார். இதுவரை நீங்கள் பார்த்தீர்கள்.

வாப்பா அந்தித் தொழுகையான மஃரிபுக்குச் சற்று முன்னர் வீட்டுக்கு வந்தார். சைக்கிளைச் சுவரில் சாத்தினார். "வேல கெடச்சி. திங்கக்கெழமையில இருந்து வரட்டாம்," என்றார். உம்மா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்; அதற்குள் ஊர்க்கதை அவருக்கு வந்து சேர்ந்திருந்தது. "பெரியாக்கள் கதைக்கக்குள்ள நீ என்னத்துக்கு வாய வெச்ச? வாப்பாட சோத்துல மண்ண அள்ளிப் போடவா படிக்க வெக்கிற?"

"அவன ஒண்டும் சொல்லாத," என்றார் வாப்பா. அந்த விஷயத்தில் அவர் வாயில் இருந்து வந்தது அது ஒன்றுதான்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் நடந்ததை நீங்கள் மறந்திருக்கலாம். இஸ்லாம் பாடத்தில் பெரும் பாவங்களைச் சொல்லிக்கொண்டு வந்த சேர், பொய்ச்சாட்சி என்ற இடத்துக்கு வந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை. நீங்கள் பார்த்தீர்கள். இடைவேளைக்குள் பெயர் தயாராகிவிட்டது. 'மகன் சொன்னது உண்மை' என்று சொல்ல ஊரில் ஒரேயொரு ஆள் இருந்தார். அவர் அந்த நேரம் கபானாக் கதவுக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கதவுகளில்தான் நான் படித்தேன். வகுப்பு ஏற ஏற டியூஷன், வெள்ளைச் சேர்ட், பிறகு கெம்பஸ் எல்லாம் அங்கே இருந்துதான் வந்தன. ஹோட்டலில் மிஞ்சிய தேக்குப் பலகையில் எனக்கு ஒரு மேசையும் செய்து தந்தார். எங்கள் குடும்பத்தில் மேசையில் இருந்து எழுதிய முதல் ஆள் நான். எல்லாரும் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டார்கள். நான் உண்மையைச் சொன்னதால் வந்த மேசை இல்லை அது. வாப்பா என்னைப் பொய்யனாக்கியதால் வந்தது. அது தெரிந்தும் அதில் இருந்து படித்தேன். தெரிந்தும் பாஸானேன்.

வில்லுகளை என்ன செய்தார்கள் என்று உங்களில் யாரும் கேட்டதில்லை. உடைந்ததை ஒட்டி, ஐந்தையும் வரவேற்பறைச் சுவரில் அழகுக்கு மாட்டினார்கள். உயர்தர வகுப்பில் படிக்கும்போது ஒருநாள் வாப்பாவுக்குச் சோற்றுப் பொதி கொண்டுபோனேன். ஹோட்டல்காரர் புதிதாக வந்த கூட்டத்துக்கு இங்கிலீஷில் கதை சொல்லிக்கொண்டிருந்தார்: எங்கள் ஓடாவி இருக்கிறாரே, வில்லைத் தோணி என்று நினைத்துவிட்டார். கூட்டம் சிரித்தது. வாப்பா அந்த வில்லுகளுக்குக் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார், அவற்றுக்குப் பொலிஷ் போடுவதற்காக. அவருக்கு அந்தக் கதை விளங்காது. ஆனால் எந்த இடத்தில் சிரிப்பார்கள் என்று தெரிந்திருந்தது. அந்த இடம் வந்ததும் அவரும் சிரித்தார். நான் சோற்றுப் பொதியைக் கதிரையில் வைத்துவிட்டு, தூணுக்குப் பின்னால் மறைந்து வெளியே வந்தேன். அவரோடு என்னைச் சேர்த்துப் பார்த்துவிடுவார்களோ என்று வெட்கம். அந்த வெட்கத்தை நினைத்தால் இப்போது வேறு வெட்கம் வருகிறது.

இன்னொன்றும் உண்டு. அதை விளங்கிக்கொள்ள எனக்கு இவ்வளவு காலம் எடுத்தது. முன்பெல்லாம் நம் பள்ளிவாசலில் நிக்காஹ் என்றால் சாட்சிக்கு வாப்பாவைக் கூப்பிடுவார்கள். மாம்புரிப் பக்கம் இருந்தும் ஆள் அனுப்புவார்கள். "ஓடாவியார் கையெழுத்து வெச்சா அதுக்குப் பொறகு கதையில்ல" என்பார்கள். பெயரை வரையப் பழகியதே அதற்காகத்தான். அந்தக் கச்சானுக்குப் பிறகு அவர் ஒரு நிக்காஹிலும் சாட்சியாக இருக்கவில்லை. ஒருமுறை வேலை என்றார், ஒருமுறை முழங்கால் என்றார். வாப்பாவின் தம்பியான என் சாச்சா, தன் மகனின் கலியாணத்துக்கு வீட்டுக்கே வந்து, நானா என்று அண்ணனை அழைத்துக் கேட்டார்.

"வேற ஆளப் பாரு தம்பி."

"ஏன் நானா? ஹோட்டல்ல வேலை செய்றதால எங்கட பாய்ல ஒக்கார ஏலாதா?"

வாப்பா கோப்பையை அவர் பக்கம் நகர்த்தினார். சாச்சா தேத்தண்ணி குடிக்காமல் போனார். ஹோட்டல் உத்தியோகம் கிடைத்ததும் ஓடாவிக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்று ஊர் பேசியது. உங்கள் வீடுகளிலும் பேசியிருப்பார்கள். நானும் அதைத்தான் நம்பினேன். நிக்காஹ் வீட்டில் கடைசி வரிசையில் செருப்புகளுக்குப் பக்கத்தில் அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சாட்சி சொல்லத் தனக்குத் தகுதியில்லை என்று ஒரு மனிதர் தனக்குத் தானே தீர்ப்பு எழுதி, அதை யாருக்கும் சொல்லாமல் அனுபவித்துக்கொண்டிருந்திருக்கிறார். தீர்ப்பு எழுதின ஆளுக்குத் தன் பெயரைத் தவிர வேறொன்றும் எழுதத் தெரியாது.

இதுவரை எழுதி வைத்திருந்தேன். இன்று அஸர் தொழுதுவிட்டு வந்த வாப்பா, தொப்பியைக் கழற்றாமலே என் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தார்.

"என்ன மகன் எழுதுற?"

"நம்மட வகுப்பு மலருக்கு வாப்பா. அந்த வில்லுக் கதை."

தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். "வாசி, கேப்பம்."

வாசித்தேன். பக்கத்து வாடிக் காக்கா வந்த இடத்தில் சிரித்தார். உம்மா முகம் பார்த்த இடத்தில் "ஓம், ஓம், இப்பிடித்தான்" என்றார். பிறகு திறப்பு நாள் வந்தது. என் கண் தாளில் முன்னால் ஓடியது. அவர் சொன்ன வார்த்தைகள் அங்கே கிடந்தன. என்னால் முடியவில்லை. தாளில் இருந்ததை விட்டுவிட்டு, "நான் சின்னப் பிள்ளை, ஹோட்டல்காரர் சொன்னதைச் சரியாகக் கேட்காமல் எல்லாருக்கும் முன்னால் பொய் சொல்லிவிட்டேன்" என்று வாசித்தேன். குரல் நடுங்காமல்தான் வாசித்தேன்.

வாப்பா கையை நீட்டித் தாளின் மேல் வைத்தார்.

"அது பிழ."

"எது வாப்பா?"

"நீ பொய் சொல்லல்ல. பொய் சொன்ன நான். அத மாத்து."

"வேணாம் வாப்பா. ஊர் முழுக்க வாசிக்கும்."

"வாசிக்கட்டும். எனக்கு எழுத ஏலாது, ஏலுமெண்டா எப்பயோ எழுதியிருப்பன். நீ எழுது. நான் பாத்துக்கொண்டு இரிக்கன்."

அவர் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு என் கையையே பார்த்தார். மாற்றுவதற்குத் தாளில் ஒன்றும் இருக்கவில்லை. அவரைக் கேட்காமல், அவர் சம்மதிப்பாரா என்று யோசிக்காமல், நான் நடந்த உண்மையை நேற்றே எழுதிவிட்டேன். அதை அவருக்கு எப்படிச் சொல்வது? பேனாவை எடுத்துக் குனிந்தேன். திறப்பு நாளில் அவர் சொன்ன அந்த வரியின் மேலேயே, எழுத்துக்கு மேல் எழுத்தாக, மெதுவாக இன்னொரு முறை எழுதினேன்.

"எழுதிட்டியா?"

"ஓம் வாப்பா," என்றேன்.